தேற்றி

கத்து. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கத்திவிடு. யார் உன்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்?

தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெய்வானை வாயைத் திறந்தாள். அதற்குள் காதில் செருகியிருந்த தேற்றிக் கருவி பேசியது. “ஆச்சு கண்ணு, முக்காவாசி முடிஞ்சுது. மூச்ச மெதுவா விடுங்க. உங்களாட்டத் தைரியசாலிய நான் பார்த்ததே இல்ல.”

வாய் தானாக மூடிக்கொண்டது. கருப்பைக்குள் நுழைந்திருந்த மெல்லிய ஒளிக்குழாய் இன்னும் உள்ளே போனது. அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிவது போலிருந்தது. கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. இவ்வளவு கனிவாகப் பேசுகிறவளின் மனம் நோகும்படி எப்படிக் கத்துவது?

அந்தக் குரல் தெய்வானையுடையதேதான்.

கோவையில் இதே மகளிர் மருத்துவமனையில் முப்பது வருடம் செவிலியாக இருந்தவள் அவள். ஒன்பது வருடங்களுக்கு முன் டாக்டர் மைதிலி அவளை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, நாற்பது மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தாள். “பயத்துக்கு உங்க குரல், வலிக்கு ஊசி. ரெண்டும் சேர்த்துத்தான்க்கா” என்றாள். தெய்வானை நம்பினாள்.

தேற்றி அந்தப் பதிவிலிருந்து புதுப் புது வாக்கியங்களைக் கோத்துக்கொண்டது. படுத்திருப்பவளின் தொண்டைத் தசை இறுகுவதை உணர்ந்து, அவள் கத்துவதற்கு அரை நொடி முன்பாகப் பேசக் கற்றது. பெண்கள் கத்தவில்லை. கத்தாததால் வலி இல்லையென்று அறிக்கைகள் எழுதப்பட்டன. மயக்க ஊசி நின்றது. அறுவை அரங்கும் வேண்டாமென்றானது. வெளிநோயாளியாக வந்து, பத்து நிமிடம் படுத்து, பஸ் ஏறிப் போய்விடலாம். தன் குரலுக்கு வலியையே போக்கும் சக்தி இருக்கிறதென்று தெய்வானை உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கூட இருக்கிறாள். ஐம்பத்தாறு வயதில், மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் கண்டு, அவளே வந்து படுக்கும் வரை.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் மைதிலி கைத்திரையோடு பக்கத்தில் வந்தாள்.

“எல்லாம் சுத்தமா இருக்குக்கா, பயப்பட ஒண்ணுமில்ல. உங்க வலி அளவு பத்துக்கு ரெண்டு. உங்க குரல் உங்களுக்கே வேலை செய்யுது பாருங்க!”

“எனக்கு உசுரு போயிருச்சுங்க டாக்டர்.”

“நீங்க சத்தமே போடலையே?”

“போட விடலைங்க.”

மைதிலியின் சிரிப்பு நின்றது. முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “சில பேருக்கு அப்படித்தான்க்கா இருக்கு. தெரியும்.”

“எப்ப இருந்துங்க?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மொத வருஷத்துல இருந்தே.”

தெய்வானை சேலையைச் சரிசெய்துகொண்டாள். மொத வருஷம். அந்த வருடப் பொங்கலுக்கு மைதிலி அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். அப்போதும் தெரிந்திருக்கிறது.

“இப்பக் கேக்கறது தப்புதான்” என்றாள் மைதிலி. “நெறைய பேர் ஊசி போட்டாத்தான் படுப்பேங்கறாங்க. அவங்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் வேணும். சட்டம் மாறிப்போச்சு, புதுசா எதைச் சொல்றதா இருந்தாலும் நீங்களே உங்க வாயால சொல்லிப் பதியணும். இல்லைன்னா கேக்கறவங்க எல்லாருக்கும் ஊசி போட்டாகணும்க்கா.”

திரையை நீட்டினாள். பதிவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘ஊசி எதுக்கு கண்ணு, நான்தான் பக்கத்துல இருக்கேனே.’

தெய்வானை அதை மனதுக்குள் ஒருமுறை படித்தாள். பேசிப் பழகிய வாக்கியம் போலத்தான் இருந்தது. எத்தனையோ பேரிடம், அவர்கள் கையை நிஜமாகவே பிடித்துக்கொண்டு, இப்படிச் சொல்லியிருக்கிறாள்.

“நான் பக்கத்துல இல்லைங்களே டாக்டர்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, திரையை மைதிலியின் மடியில் கவிழ்த்து வைத்தாள்.