பொது அமைதி கருதி

தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் வாண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கசப்பு மாத்திரை விழுங்குகிறவள்போல இறுக்கி மூடி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையை எடுத்து மாட்டினாள்.

இதில் என்ன இருக்கிறது என்று அவளுடைய அம்மா விட்டிருப்பாள். ஆனால் வாண்டு என்பது பால் சுடுகிறது, சீப்பு குத்துகிறது, செருப்பு கடிக்கிறது என்று எழுந்ததிலிருந்து தொணதொணக்கிற பிள்ளை. இப்போது கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா பூரித்துக்கூடப் போயிருந்தாள். பூரிப்புதான் கேடு! இன்றைக்கு என்னவோ தோன்றி, அந்த டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

பூச்சாடியில் மாதக்கணக்கில் தங்கிப்போன தண்ணீரின் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, பிசுபிசுப்பாக, எண்ணெய் தேய்த்து நாள்கணக்கில் அலசாத தலையின் வீச்சம். டம்ளரைத் தள்ளி வைத்தாள். அவள் வீட்டில் குடிப்பது காலைக் காபி மட்டும்தான். மற்றதெல்லாம் அலுவலகத்தின் கேன் தண்ணீர். பாட்டிலில் பிடித்துவந்து ராத்திரிக்கும் அதையே வைத்துக்கொள்வாள்.

"என்னங்க, தண்ணி ஒரு மாதிரி நாறுதே?"

கணவன் கைபேசியிலிருந்து நிமிரவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலையே. உனக்கு மூக்கடைப்பா இருக்கும்."

மூக்கடைத்தவளுக்கு நாற்றம் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அவளுடைய அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே குளிர்சாதனம் உறும, வரிசை வரிசையாகக் கணினிகள். ஜனங்கள் இணையத்தில் எழுதுவதும் பேசுவதும் படம் பிடிப்பதும் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகும், அல்லது போகாது. போகவிடாமல் செய்வதுதான் அவள் வேலை. இன்றைக்கு எந்தச் சொல் ஆகாது என்று காலையில் மேலிடத்திலிருந்து வரும். அந்தச் சொல் இருக்கிற பதிவைத் திறந்து பார்த்து, ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பதிவு மறைந்து, அந்த இடத்தில் 'பொது அமைதி கருதி நீக்கப்பட்டது' என்று வந்து நிற்கும். எந்த ஊர், எந்தத் தெரு என்பதை மட்டும் சாம்பல் பட்டை போட்டு மறைத்திருப்பார்கள். வேலை பார்க்கிறவர்களுக்குச் சொந்த ஊர்ப் பாசம் வந்துவிடக் கூடாதாம். என்ன ஒரு அக்கறை!

நாமே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அரசாங்கம்தானே, பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிவிட்டுப் போகிறோம் என்று அவள் தனக்குச் சமாதானம் சொல்லிவைத்திருந்தாள். சம்பளம் ஒழுங்காக வந்தது. மனசாட்சியும் ஒழுங்காகத் தூங்கியது.

பக்கத்து இருக்கைக் கண்ணாடிக்காரி கொட்டாவி விட்டாள். "இன்னைக்கும் தண்ணிதான் அக்கா. நாறுதாம், கூட்டம் போடறாங்களாம். இவங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?"

"வதந்தி பரப்புறதுக்குன்னே பொறந்திருக்காங்க" என்றாள் அவள், வழக்கம்போல. சொல்லி முடித்த பிறகுதான் காலையில் முகர்ந்த டம்ளர் ஞாபகம் வந்தது. ஆனால் கை நிற்கவில்லை. கை எப்போது நின்றிருக்கிறது?

மதியத்துக்கு மேல் ஒரு வீடியோ வந்தது. ஏதோ மொட்டை மாடி. தொட்டி கழுவுகிற ஆள் ஒருவர், வயதானவர், காமிராவைப் பார்த்து மூச்சு வாங்க நின்றார். அவர் கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கறுப்பாக, ஈரமாக, கொத்துக் கொத்தாக என்னவோ சுற்றியிருந்தது.

"இழுக்க இழுக்க வருதுங்க. மயிருதான், வேற என்ன? உள்ள ஒண்ணு கெடக்கு. சத்தியமாச் சொல்றேன், அது வளருது. எத்தன பேர்கிட்ட சொல்லிட்டேன், ஒருத்தராச்சும் வந்து..."

அமுக்கிவிட்டாள். தண்ணீரோடு 'மயிர்' என்பதும் அன்றைய சொல். காது கேட்டதும் விரல் போய்விட்டது. திரை வெளுத்துப் பொது அமைதி வந்து நின்ற பிறகுதான் அந்த ஆளுக்குப் பின்னால் கொடியில் தொங்கியது என்ன என்பது மூளைக்கு எட்டியது. மஞ்சள் பாவாடை. ஓரத்தில் அவளே கோணலாகத் தைத்துப்போட்ட ஒட்டு. வாண்டுவின் பாவாடை.

எழுந்து மேற்பார்வையாளரிடம் போனாள். "சார், இப்ப நீக்கினத ஒரு தடவ திரும்பப் பாக்க முடியுமா?"

"இல்லாத ஒண்ண எப்படிம்மா பாக்கறது?" என்று அவர் பெரிய ஹாஸ்யம் சொன்னவர்போலச் சிரித்தார். சிரித்த வாயில், கடைவாய்ப் பல் இடுக்கிலிருந்து, ஒரு கறுப்பு இழை தொங்கியது. அவர் நாக்கு வெளியே வந்து, அதைத் துழாவிப் பிடித்து, உள்ளே இழுத்துக்கொண்டது. "வேற ஏதாவதும்மா?"

சீ! அவள் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

குடியிருப்பின் வாசலில் காவலாளி குழாயடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நம்ம தொட்டி கழுவுறவர் எங்க?"

"எந்தத் தொட்டிம்மா?"

"நம்ம மாடியில இருக்கிறது."

"மாடியில தொட்டி இருக்கா என்ன?" என்றார் அவர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கண் மட்டும் நிறைந்து, மோவாய் வரை வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

அவள் படியேறினாள். ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் சாத்தியிருந்தன. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடியது, பாத்திரம் உருண்டது, யாரோ நெடுநேரம் காறிக் காறித் துப்ப முயன்று, முடியாமல், மறுபடியும் விழுங்கிக்கொள்கிற ஓசை கேட்டது. மேலே போகப் போக அந்த வீச்சம் படிக்கட்டின் சுவரிலிருந்தே கசிவதாக ஆகி, மூக்கை மூடினால் வாய் வழியே நுழைந்து நாக்கின் மேல் பிசுக்காகப் படிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளாக இந்த வீட்டில்தானே இருந்தோம், இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மாடியில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. தொட்டியின் மூடியில் புதுப் பூட்டு. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தேவையே இல்லை. தினமும் அவள் அனுப்புகிற வாசகம்தான்.

மூடியின் விளிம்பில் கறுப்பாக ஏதோ பிதுங்கியிருந்தது. தார் என்று நினைத்தாள். தார் அசையாதே.

தொட்டிச் சுவரில் கை வைத்தாள். வெதுவெதுப்பு. காதை வைத்தாள்.

உள்ளே ஏதோ விழுங்கியது.

நின்றது. மறுபடியும் விழுங்கியது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தபோது கணவனும் வாண்டுவும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். எதிரே ஆளுக்கொரு டம்ளர்.

"குடிக்காதீங்க! தண்ணி அழுகிப்போய் நாறுது. மேல தொட்டியில என்னமோ இருக்கு!"

"மெதுவாப் பேசு" என்றான் கணவன்.

இல்லை என்று அவன் சொல்லவில்லை. உனக்குப் பைத்தியமா என்று கேட்கவில்லை. மெதுவாகப் பேசு என்றான். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். டம்ளரை எடுத்துக் குடித்தான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

வாண்டு தன் டம்ளரைக் காலி செய்திருந்தாள். லேசாக இருமினாள். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, அலட்டிக்கொள்ளாமல், நெடுநாள் பழகிய காரியம்போல, ஒரு முடியைப் பிடித்து இழுத்தாள். நீளமான, கறுத்த முடி. வந்துகொண்டே இருந்தது. அதை வலது கை ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். நுனி வந்ததும் உருட்டி மேசைக்கு அடியில் ஒட்டினாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். மேசையின் அடிப்பலகை தெரியவில்லை. அவ்வளவு உருண்டைகள். அவ்வளவு ஈரம்.

"அய்யோ, என் கண்ணு... எப்பலேர்ந்துடி?"

"ரொம்ப நாளாம்மா. எல்லாரும் அப்படித்தான். முதல்ல நாக்கால நுனியத் தேடணும்னு ஸ்கூல்ல டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

வாண்டு அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொன்னா நீ எங்களையும் நீக்கணும்லம்மா" என்றாள் வாண்டு. "அதான் உன் வேலைன்னு அப்பா சொன்னாரு."

அம்மா மண்டியிட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்தாள். யாரையாவது கூப்பிட வேண்டும். கத்த வேண்டும். ஜன்னலைத் திறந்து இந்தத் தெருவே கேட்கக் கத்த வேண்டும்.

வாண்டு மறுபடியும் இருமினாள். இன்னொரு முடி. இழுத்தாள், விரலில் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

நின்றது.

இழுத்தாள். வரவில்லை.

பிறகு அது உள்ளே போகத் தொடங்கியது. மெதுவாக. யாரோ அந்தப் பக்கம் நிதானமாகச் சுற்றுகிறார்கள். முடி இறுகியது. விரல் நுனி வெளுத்தது. விரல் உதட்டருகே போனது.

அம்மா வாயைத் திறந்தாள்.

உடனே பிள்ளையின் இடது கை வந்து அந்த வாயைப் பொத்தியது. குளிர்ந்த கை. நனைந்த கை. "வேணாம்மா" என்றது கண்.

வலது கை விரல் உதட்டைத் தாண்டியது. முதல் கணு. இரண்டாவது கணு. பல் கீறி ரத்தம் வந்தது. மணிக்கட்டு வரை. அப்போதும் அந்தச் சின்ன இடது கை அம்மாவின் வாயை விட்டு இம்மியும் நகரவில்லை.