முன்னால் போனவன்

அவன் அடுக்கிய அட்டைப்பெட்டிகளிலெல்லாம் ஓர் உள்ளங்கைத் தடம் ஈரமாகப் பதிந்திருந்தது. பார்சல் கிடங்கின் தகரக் கூரை சுட்டெரிக்கிற மதியத்தில், மற்றவர்களுக்குத் தொண்டை வறண்டு கிடக்க, அவனுடைய வலது கை மட்டும் காயவே மாட்டேன் என்றது. சட்டையில் துடைத்தான், சாக்கில் துடைத்தான், கையுறை மாட்டிப் பார்த்தான். கையுறைக்குள் தண்ணீர் சேர்ந்தது. முகர்ந்தால் வியர்வை வாசம் இல்லை. பாசி வாசம். வேறு யாராக இருந்தாலும் மேற்பார்வையாளர் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். நம்ம ஹீரோதானே, போகட்டும் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பட்டம் அவனுக்கு எப்போதோ அலுத்துவிட்டது. போன மழையில், தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்குள் வெள்ளம் புகுந்து விளக்கும் போனபோது, தங்கையையும் அவளோடு படிக்கும் பிள்ளைகளையும் கைகோத்து வரிசையாக வெளியே கொண்டுவந்தவன் அவன். பேப்பரில் படம் வந்தது, இந்த வேலை வந்தது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கக் கதை சொன்னான்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த இருட்டில் அவனுக்கு வழி தெரியவில்லை. சுவரைத் தடவித் தவித்தவனின் வலது கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். தீயணைப்புக்காரர் என்று நினைத்துப் பின்னாலேயே போனான். வெளிச்சத்துக்கு வந்து பார்த்தால் முன்னால் ஒருவரும் இல்லை. அதற்குள் கூட்டம் அவனைத் தோளில் தூக்கிவிட்டது. அதிலிருந்து, இன்னொருவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதுபோலத்தான் இருந்தது அவனுக்கு. சரியாகத் தூங்கவும் இல்லை. கண் அசந்தால் போதும், விரல்களுக்கிடையில் விரல்கள் நுழைந்தன.

இப்போது சுரங்கப்பாதையைச் செப்பனிட்டுத் திறக்கப்போகிறார்கள். அன்றைக்குப் போலவே பிள்ளைகளைக் கைகோத்து அவன் உள்ளே அழைத்துப் போனால் பேப்பரில் படம் நன்றாக வருமாம். மாட்டேன் என்றான். ஊரே கொண்டாடுகிறது, இவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

திறப்பு நாளில், தங்கையின் செருப்பு வாரை மாட்டிவிட்டபடியே கேட்டான், அன்றைக்குத் தனக்கு முன்னால் யாராவது போனார்களா என்று.

"நீதானே முன்னாடி போன. யார்கிட்டயோ கெஞ்சிட்டே வேற வந்த."

"என்னன்னு?"

"இப்ப விட்டுடு, இவங்க எல்லாரையும் அப்புறம் கூட்டிட்டு வரேன்னு. எங்க பயம் போகத்தான் நீ ஏதோ சொல்றேன்னு நினைச்சேன்."

அப்படிச் சொன்ன ஞாபகமே அவனுக்கு இல்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, அவன் உதடுகள் கூடவே அசைந்தன.

போகாமல் இருக்கலாம். இவன் போகாவிட்டால் பிள்ளைகளை வேறு யாராவது உள்ளே கூட்டிப்போவார்கள். வாசலிலேயே தடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனான்.

சுரங்கப்பாதை வாசலில் புதுப் பெயின்ட் வாசம். வெயில். கூட்டம். மைக்கை வாங்கினான்.

"யாரும் உள்ள போகாதீங்க. அன்னைக்குக் காப்பாத்தினது நான் இல்ல."

கைதட்டல். என்ன அடக்கம் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை ஓடிவந்து இடது கையைப் பற்றினாள். அவள் கையை இன்னொரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் கையை இன்னொன்று.

பைக்குள் வலது கை கனத்தது.

குளிர்ந்த விரல்கள். அவன் விரல்கள்மேல் ஒவ்வொன்றாக மடங்கின. இழுத்தன.

நின்றுவிடப் பார்த்தான். கால் நடந்தது. தங்கையை உதறப் பார்த்தான். இடது கை அவனுடையதாக இல்லை. அது அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

படி. இன்னொரு படி. விளக்குகள் எரிந்தன. பிறகு முன்னால் ஒன்று அணைந்தது. அப்புறம் அடுத்தது. கணுக்காலில் தண்ணீர். பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன் இருக்கிறானே, பயம் என்ன?

கத்த வாய் திறந்தான். "கூட்டிட்டு வந்துட்டேன்" என்றது வாய்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அண்ணா, எனக்குப் பின்னாடி என் கையைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

திரும்பிப் பார்த்தான். வாசல் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை.