நான் படுக்கும் இடத்துக்கு ஒரு நாற்காலி

சாயங்காலம் நான்கு மணிக்குக் கல்தச்சரின் பட்டறைக்குப் போனேன். தூசி படிந்து அவருடைய இமைகூட நரைத்திருந்தது. எனக்கு அறுபத்தெட்டு, அவருக்கு எண்ணூறு இருக்கும் என்று தோன்றியது.

மனைவி போய் இரண்டு வருடம். கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஆறடி எனக்கென்று காலியாகக் கிடக்கிறது. அங்கே வைக்க ஒரு கல் நாற்காலி செய்யச் சொன்னேன். முப்பத்தாறு வருடம் அலுவலகத்தில் நாற்காலி தேய்த்தவனுக்கு வேறென்ன சின்னம்? முதுகுச் சாய்வில் வெட்ட வேண்டிய வாசகத்தையும் நீட்டினேன்: ‘தயங்காமல் உட்காருங்கள். நான் படுத்துவிட்டேன்.’

தச்சர் சிரிக்கவில்லை. உயிரோடு இருப்பவருக்குச் செய்த கல்லைச் சாக்கால் மூடிக் கட்டிவைப்பது அவர்கள் வழக்கமாம். உரியவர் வந்து படுத்த பிறகுதான் அவிழ்ப்பார்களாம்.

“அவுத்துராதீங்க சார். யாரைக் கூப்பிடுறோம்னு இதுல எழுதலையே.”

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதானே என்று நான் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு நான்கு நழுவியது.

நாற்காலியை வைத்த மறுநாளே மச்சானைக் கூட்டிப்போய்ச் சாக்கை அவிழ்த்தேன். என் நகைச்சுவைக்கு வரும் சிரிப்பை நான் செத்த பிறகா கேட்க முடியும்? மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா இருந்திருந்தால் உங்கள் தோலை உரித்திருப்பாள் என்றார். சாக்கை மடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

விடிகாலையில் மழை பிடித்தது. பத்து மணிக்குக் குடையோடு போனேன். கைப்பிடிகள் நனைந்திருந்தன. கால்களில் நீர் வழிந்தது.

இருக்கையும் சாய்வும் மட்டும் காய்ந்திருந்தன.

தூறல் இன்னும் நிற்கவில்லை.

ஈரமண் வாசனைக்குள், வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்ததுபோல ஒரு நெடி. ஓடியிருக்கலாம். ஓடினால் இடம் போச்சே! நாற்பது வருடம் அவள் பக்கத்தில் படுத்தவன் நான். இனி எவனோ வந்து படுப்பதா? குடையை மடக்கி, வீம்புக்குப் போய் உட்கார்ந்தேன்.

சூடாக இருந்தது.

கல் இல்லை. மடி.

பிடரியில் மூச்சு பட்டது.

“ஆள் இருக்கு.”

எப்படி வீடு வந்தேன் என்று கேட்காதீர்கள். என் செருப்பு எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

மறுநாள் தச்சர் நாற்காலியை உடைத்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொடியாக்கினார். ஆனால் சுத்தியலைத் துடைத்தபடி முணுமுணுத்தார்:

“கூப்பிட்டாச்சு சார். நாற்காலிய எடுத்தா வந்தவங்க போயிருவாங்களா?”

அன்று முதல் தினமும் போகிறேன். என் ஆறடியில் கால் வைப்பதில்லை. அவள் தலைமாட்டுக் கல்லைத்தான் பார்க்கிறேன். ரசமட்டம் வைத்து நேராக நட்ட கல் அது. இப்போது என் இடத்தைவிட்டு விலகி அந்தப் பக்கமாகச் சாய்கிறது, வாரம் ஒரு விரற்கடை. தச்சர் வந்து நிமிர்த்துகிறார். மறுபடி சாய்கிறது.

எனக்கு இடம் விடக்கூட அவள் இவ்வளவு ஒதுங்கிப் படுத்ததில்லை.