கை கழுவும் சத்தம்

கடைத்தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பழைய நாணயத்தை லென்ஸில் ஒரு பார்வை பார்த்தால் போதும், விலை சொல்லிவிடுவார். உண்மை விலையை எத்தனை பேரிடம் சொன்னார் என்பது வேறு கதை.

அன்று மத்தியானம் மழை விட்டதும், காசு விற்கக் கூப்பிட்டிருந்த ஒரு பழைய வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த பெண்ணின் இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை, ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டோடு.

"வாங்க சார். அப்பா போய் ஒன்றரை மாசம் ஆகுது. பேத்தி கண் ஆபரேஷனுக்குன்னு இதைத்தான் விட்டுட்டுப் போயிருக்காரு."

மேசைமேல் தகரப்பெட்டி. உள்ளே முப்பத்தொரு வெள்ளி நாணயங்கள், தனித்தனிக் காகித உறையில். மூடியைத் திறந்ததும் தலைவலித் தைல வாசனை குப்பென்று வந்தது.

"அப்பா நாள் பூரா தைலம் தடவுவாரு. ஆனா காசைத் தொடணும்னா முதல்ல கை கழுவணும். கட்டைவிரல்ல குறுக்கால ஒரு வெட்டுத் தழும்பு அவருக்கு. அது காசுல பதிஞ்சிடக் கூடாதாம். நான் துலக்கி வைக்கவான்னு கேட்டதுக்கு அடிக்காத குறைதான்."

"நல்லவேளைம்மா. அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பே. துடைச்சா வெறும் வெள்ளி விலைதான்."

அன்று அந்த வீட்டில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஒவ்வொன்றாக விரல் நுனியில் நிறுத்தி, பேனாவால் தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்டார். எல்லாம் சுத்தமான வெள்ளி. இருபத்தொன்பதாவதை லென்ஸில் பார்த்தவர், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த வருடம் அச்சடித்ததே சொற்பம். இந்த ஒன்று போதும், இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் பண்ணலாம்.

"எல்லாம் சாதாரணக் காசும்மா. எடைக்குத்தான் போகும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்குப் போனாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தான் கொண்டுவந்திருந்த மலிவு நாணயத்தை உறையில் போட்டுவிட்டு, அரிய நாணயத்தைச் சட்டைப்பையில் சொருகினார். பழகிய கை.

இடது பக்கத்து அறையில் குழாய் திறந்தது.

யாரோ நிதானமாகக் கை கழுவினார்கள்.

அவள் வலது பக்கச் சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தாள்.

"அந்த ரூம்ல யாரும்மா?"

"அது அப்பா ரூம் சார். பூட்டியே கிடக்கு."

விலைகூடப் பேசாமல், தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

கடைக்கு வந்து விளக்கைப் போட்டு நாணயத்தை எடுத்தார். அதிலிருந்த ராஜா முகத்தின்மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, கன்னங்கரேலென்று. ரேகையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு கோடு.

தன் கட்டைவிரலைப் பார்த்தார். தழும்பு எதுவும் இல்லை.

துணியால் ஒற்றினார். போனது. கண் சிமிட்டுவதற்குள் திரும்ப வந்தது.

தைல வாசனை மூக்கில் ஏறியது. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னதை மறந்து, பாலிஷ் பவுடரைக் கொட்டித் தேய்த்தார். கை வலிக்கும் வரை தேய்த்தார். ரேகை ஒருவழியாக ஒழிந்தபோது நாணயம் புது ஸ்பூன் கணக்காய் மின்னியது. இனி அது எடைக்குத்தான் போகும். ஒரு குழந்தையின் கண்ணைத் தேய்த்து அழித்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முதன்முறையாகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டியது.

கை கழுவும் சத்தம்.

அந்தக் கடையில் குழாயே கிடையாது.

பெட்டகத்தில் இருந்த பணத்தை அப்படியே வாரிக்கொண்டு ஓடினார். வாசலிலேயே எல்லாவற்றையும் உளறிக்கொட்டி, அந்த நாணயத்தின் முழு விலையையும் அவள் கையில் திணித்தார். அவள் பணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் ஒற்றைக் கண்ணால் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தது. அம்மா காதில் மெதுவாகச் சொன்னது:

"தாத்தா கை ஈரமா இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று தெருமுனைக்கு வந்து, மனைவியைக் கூப்பிடப் போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். திறக்கவில்லை.

திரையைத் தெருவிளக்குக்குச் சாய்த்துப் பார்த்தார்.

கண்ணாடியில் அவர் வைத்த கட்டைவிரல் ரேகை ஈரமாகப் பதிந்திருந்தது, குறுக்கே ஒரு கோட்டோடு.