நெற்றி விளக்கு சினிமா

"வெட்டிடலாம் லா!" என்றான் பத்துமலை. கையில் கத்தரிக்கோல்.

நவமணி படத்தின் மேல் இரு கைகளையும் விரித்து மறைத்தாள். நான்கு மணிலா அட்டைகளை ஒட்டி, மூன்று வாரம் உட்கார்ந்து அவள் வரைந்த படம் அது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய ரப்பர் தோட்டம் முழுவதும் அதில் இருந்தது. கோயில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள், பந்து விளையாடும் திடல். ஒரு மூலையில், மரங்களுக்கு நடுவே, மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டும் அவளுடைய அம்மா காளியம்மா, கட்டைவிரல் அளவில்.

சனிக்கிழமை பெற்றோர் தினம். அவர்களுடைய ஐந்தாம் வகுப்பு 'கேமரா இல்லாத சினிமா' காட்டப்போகிறது என்று பத்துமலை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான். அவன்தான் டைரக்டராம். யாரும் அவனை நியமிக்கவில்லை, அவனே நியமித்துக்கொண்டான்.

"மொத்தமா காட்டினா எதைப் பாக்கறதுன்னே தெரியாது. கோயில் ஒரு துண்டு, திடல் ஒரு துண்டுன்னு ஒவ்வொன்னா தூக்கிக் காட்டுவோம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் நவமணிக்கு எரிச்சல்.

"எங்கம்மா எந்தத் துண்டுல வருவாங்க?"

"இந்தக் குட்டி ஆளா? அது மேலதான் கத்தரி போகும். யாருக்குத் தெரியப் போகுது?"

"நாளைக்கு வரைக்கும் வெட்டாத. கெஞ்சிக் கேக்கறேன் லா."

மறுநாள் விடியுமுன் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். லயத்துக்குப் பின்னாலேயே அவளுடைய நிரை, அவள் பால் வெட்டும் மர வரிசை, தொடங்கியது. நவமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில் நின்று அம்மா நிமிர்ந்தபோது மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு மரத்தை நெருங்கிக் குனிந்ததும் வெளிச்சம் சுருங்கி, அந்த மரமும், பால் வடிய அதில் சாய்வாகக் கட்டியிருந்த மங்குக் கிண்ணமும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

தோட்டத்தை யாரும் வெட்டவில்லை. வெளிச்சம்தான் நகர்ந்தது!

மதியம் அம்மா திரும்பியதும், "ம்மா, வெளக்கக் குடுக்கிறியா? என் படத்துல நீ இருக்க," என்றாள்.

"வேல சட்டையில இருக்கிறவள யாரு பாப்பா?" என்று சிரித்தபடியே அம்மா விளக்கைக் கொடுத்தாள்.

நவமணி பள்ளிக்கு ஓடினாள். அங்கே பத்துமலை கத்தரிக்கோலோடு காத்திருந்தான். ஜன்னல்களை மூடி, படத்தைச் சுவரில் மாட்டி, விளக்கை நெற்றியில் கட்டி ஒளியை அங்கும் இங்கும் வீசினாள்.

"ஐயோ, தல சுத்துது!" என்று அலறினான் பத்துமலை.

அம்மா இப்படியா ஓடுவாள்? ஒரு மரம். நிற்பாள். வெட்டுவாள். பிறகுதான் அடுத்த மரம்.

நவமணியும் அப்படியே செய்தாள். பின்னால் போனாள், முழுத் தோட்டமும் தெரிந்தது. மெல்ல நெருங்கினாள், கோயில் மட்டும் தெரிந்தது. நின்றாள். அடுத்து திடல்.

"இதுதான் கேமரா!" என்று துள்ளிய பத்துமலையின் முகம் உடனே வாடியது. "அப்ப எனக்கு என்ன வேல?"

நவமணி விளக்கைக் கழற்றி அவன் நெற்றியில் கட்டினாள். "நீதான் கேமராமேன். எங்க நிக்கணும்னு நான் சொல்றேன்."

அவன் கத்தரிக்கோலை மேசைக்குள் போட்டு மூடினான்.

சனிக்கிழமை வகுப்பறை நிரம்பி வழிந்தது. வெளிச்சம் கோயிலில் நின்றது, திடலில் நின்றது, பிறகு மரம் மரமாக நடந்தது. "இங்க," என்று நவமணி கிசுகிசுத்தாள். பத்துமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கினான். சின்ன வட்டத்துக்குள் கட்டைவிரல் அளவு உருவம் ஒன்று குனிந்து நின்றது. மற்றதெல்லாம் இருட்டு.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அட, மங்கு சாஞ்சிருக்கே! அது என் மரம்!" காளியம்மா எழுந்தே விட்டாள். "அது நாந்தான்! எல்லாரும் பாருங்க, அது நாந்தான்!"