கொப்பளிக்காத வாய்

1934ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஒரு காலை, ஆம்பூரில், கனகவல்லி கணவனுக்குக் காய்ச்சிய கஞ்சியை மாமியார் ரங்கநாயகி முற்றத்தில் கொட்டினாள்.

"உன் கையால ஒரு வாய் வேணாம். மருந்து வெச்சி எம்புள்ளய மயக்கப் பாத்த... அது வயித்துல உக்காந்துனு எரியுது."

தோல் மண்டியில் தரம் பிரிக்கும் தணிகாசலம் மூன்று மாதங்களாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். மனைவி சோற்றில் வசியமருந்து இட்டாள் என்னும் பழியை ரங்கநாயகி கிணற்றடி வரை பரப்பியிருந்தாள். அம்மருந்தை முறிக்கவென்று நாள்தோறும் மிளகுக் கஷாயம் புகட்டினாள். எரிச்சல் மிகுந்ததேயன்றித் தணியவில்லை.

அன்று மருந்தெடுப்பவன் வந்திருந்தான். வயிற்றின்மேல் குழல் வைத்து உறிஞ்சி, இட்ட மருந்தை உருண்டையாகத் துப்பிக் காட்டுவது அவன் தொழில். உருண்டை வந்தால் கனகவல்லி குடியாத்தத்துப் பிறந்தகத்துக்கே போய்விட வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

அவன் குழலை எடுத்தான். கனகவல்லி ஒரு சொம்புத் தண்ணீரை அவன்முன் வைத்தாள்.

"மொதல்ல வாய் கொப்பளிங்க."

"இன்னாத்துக்கு?"

"வந்ததுலேர்ந்து ஒரு பக்கமாவே பேசறீங்களே. கன்னத்துல இன்னா, வெல்லமா?"

அவன் ரங்கநாயகியைப் பார்த்தான். "உம்மருமவளுக்கு வாய் ஜாஸ்திம்மா."

"கம்மியா இருந்ததாலதான் மூணு மாசம் கேட்டுனு இருந்தேன். கொப்பளிச்சிட்டு எடுங்க. உருண்டை வந்தா, கட்டின சேலையோட போய்ட்றேன்."

பாயிலிருந்து தணிகாசலம் தலைதூக்கினான். "கொப்பளிய்யா."

மருந்தெடுப்பவன் குழலைத் துணியில் சுருட்டிக்கொண்டு படியிறங்கினான். சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

அன்றே கனகவல்லி கணவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். இரைப்பையில் புண் என்றார் டாக்டர்.

"தலைவலி மாத்திரை போடறியா?"

"தெனம் ரெண்டுங்க. மண்டி நாத்தத்துல மண்டை பொளக்கும். மத்தியானம் சோறு எறங்காது, பீடிதான்."

மாத்திரை, பீடி, காரம், கஷாயம் அனைத்தையும் நிறுத்தினார் டாக்டர். வெள்ளைத்தூள் ஒன்றைக் கொடுத்து, வேளை தவறாமல் சிறுகச்சிறுகப் பால்கஞ்சி ஊட்டச் சொன்னார்.

ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் தணிகாசலம் தன் காலால் நடந்து வீட்டுக்குள் நுழைந்து, டாக்டர் சொன்னதைத் தாயிடம் சொன்னான். கனகவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாடி கண்ணு... தெரியாம சொல்லிட்டேன்," என்று ரங்கநாயகி அவள் கையைப் பற்றினாள்.

"கிணத்தாண்ட சொன்னீங்க அத்தே. அங்கயே மாத்திச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் படி ஏற மாட்டேன்."

ரங்கநாயகி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். அங்கிருந்த பெண்கள் கயிறு இழுப்பதை நிறுத்தினார்கள்.

"எம்மருமவ மருந்து வெக்கல. நான்தான்... கஷாயம் ஊத்தி ஊத்தி எம்புள்ள புண்ணை வளத்தேன்."

அவள் குரல் உடைந்தது. பின்னாலேயே வந்திருந்த கனகவல்லி குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க அத்தே. அவருக்குக் கஞ்சி வேளையாய்டுச்சி. நான் காய்ச்சறேன், நீங்க ஊட்டுங்க."