நாலு பேருக்கான வீடு

ஐந்தாவது கதிரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு கதிரைகள் ஒழுங்காகப் போட்டிருக்க, அதே மரத்தில் அதே வெள்ளைப் பூச்சில் இருந்த இன்னொன்றை மட்டும் யாரோ மூலைக்கு இழுத்துக்கொண்டுபோய், தண்டனை பெற்ற பிள்ளையைப் போல முகம் திருப்பி வைத்திருந்தார்கள். றெபேக்கா லப்ரொப்பில் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். சஸ்கச்சுவானின் தெற்கில், ஊர் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத இடத்தில் தனியாக நின்ற பண்ணைவீடு. யன்னலுக்கு வெளியே கோதுமை. அதற்கப்பாலும் கோதுமை. வீட்டின் பெயருக்குக் கீழே 'நாலு பேருக்கு மட்டும்' என்று இருந்தது.

இரண்டு கிழமையாக இதுதான் அவளுக்கு வேலை. அப்பா அகஸ்ரின் இருபது வருடம் பாரவூர்தி ஓட்டியவர். மேற்குக் கனடாவின் அந்தப் பிறேறிச் சமவெளியை ஒருதரமாவது குடும்பத்துக்குக் காட்டவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். யூலையில் பயணம். தங்குகிற இடங்களைத் தேடுகிற பொறுப்பு, பன்னிரண்டாம் வகுப்பை இடையில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற றெபேக்காவின் தலையில் விழுந்தது. அவள் பிடித்துக் கொடுத்த இடங்கள் ஒன்றுகூட ஒருவருக்கும் பிடிக்கவில்லை. வினிபெக்குக்குப் பக்கத்தில் பார்த்த விடுதியில் குளியலறை சின்னன். பழைய பள்ளிக்கூடத்தைத் திருத்தி வாடகைக்கு விட்ட இடத்தில் இன்ரநெற் இல்லை. ஒவ்வொரு 'வேண்டாமும்' அவளுக்குள் ஒரு விறகாக அடுக்கப்பட்டது. இந்தப் பண்ணைவீட்டுக்குத்தான் எல்லோரும் ஒரே குரலில் 'ஓம்' என்றார்கள்.

"நாலு எண்டு போடு," என்றாள் அம்மா பேர்ணடெற், குசினிக்குள் இருந்து.

"நாங்கள் அஞ்சு பேர் அம்மா."

"எனக்கு எண்ணத் தெரியாதே? கலிபக்ஸ் போகேக்க ஏழு பேர் போய் ஆறு எண்டு போட்டனாங்கள். ஆர் வந்து எண்ணினது?"

ஒருவரும் எண்ணவில்லைதான். வீட்டுக்காரன் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும்வரை, பதினொரு வயது றெபேக்கா வான் வண்டியின் பின்பக்கத்தில் பெட்டிகளுக்கு நடுவே போர்வையால் மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அவன் போன பிறகு அவளைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். தேத்தண்ணி குடித்து முடித்து, கிண்ணங்களைக் கழுவும்போதுதான் யாரும் குடிக்காத ஒன்று மிஞ்சியது தெரிந்தது.

அண்ணன் கிளிபோட் சோபாவில் இருந்து தலையைத் திருப்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் விட்பியில் இருந்து மனைவி வேரோனிக்காவோடு வந்து மத்தியானம் சாப்பிட்டு, இருட்ட முதல் போய்விடுவான். "பயப்பிடாதை. இந்தமுறை உன்னை மறக்காம இருக்க போனில அலாம் வைக்கிறன்."

வேரோனிக்கா கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"ஏன் எப்பவும் நான்?" றெபேக்கா மெதுவாகத்தான் கேட்டாள்.

"பின்னை?" என்றாள் அம்மா. "வேலைக்குப் போற பிள்ளையளையே ஒளிக்கிறது?"

பற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் றெபேக்காவின் காதுக்கே கேட்டது. 'நாலு' என்று போட்டாள். அனுப்பினாள்.

பதினாலாம் மாடி யன்னலுக்கு வெளியே ஸ்காபரோவின் மீது பனி பொழிந்துகொண்டிருந்தது. மணி நாலுதான், ஆனாலும் வெளிச்சம் பழைய பால் போலத் திரைந்துவிட்டது. அம்மா பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நண்டும் புளியும் மிளகாயும் கலந்த மணம் வீடெல்லாம் நிறைந்து நிற்க, அகப்பையைப் பானை விளிம்பில் தட்டுகிற சத்தம், டக், டக், டக் என்று, யாரோ பொறுமையில்லாமல் கதவைத் தட்டுவதைப் போல விட்டுவிட்டு வந்தது. அந்தச் சத்தம் றெபேக்காவின் நெற்றிப்பொட்டில் விழுந்தது.

பதில் உடனே வந்துவிட்டது. வீட்டுக்காரியின் பெயர் ஹில்டா என்று இருந்தது. முகம் இல்லை, முகம் இருக்கவேண்டிய வட்டத்துக்குள் வயல்தான். 'வரவேற்கிறோம். நாலு கட்டில் விரித்து வைக்கிறோம். ஐந்தாவது ஆளை என்ன செய்ய?'

றெபேக்கா திரும்ப வாசித்தாள்.

லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்குப் போனாள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிறிட்ஜின் மேல் வைத்துவிட்டு, கோயிலில் புதிதாகப் பழக்கமான ஒரு பெண்ணோடு கதைத்துக்கொண்டிருந்தாள். றெபேக்கா திரையைக் காட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கி ஒருதரம் பார்த்தாள்.

"நீதான் ஏதோ உளறி எழுதியிருப்பாய். ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் தெரியாது. போ, நாலு பேர்தான் எண்டு எழுது."

"நான் ஒண்டும் எழுதேல்லை அம்மா."

"போ எண்டுறன்."

அவள் மேசைக்குத் திரும்பினாள். படம் திறந்தபடியே இருந்தது. மூலையில் இருந்த கதிரை இப்போது சுவரைப் பார்க்கவில்லை. கொஞ்சம், ஒரு ஆள் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, அறையின் பக்கம் திரும்பியிருந்தது. அது வேறு படமாக இருக்கலாம். அவள் அடுத்த படத்தைத் தட்டினாள், முந்தைய படத்தைத் தட்டினாள். சாப்பாட்டறைக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது.

கூழின் மணத்துக்குள்ளால் இன்னொரு மணம் வந்தது. காய்ந்த வைக்கோல், வெயிலில் சுட்ட மண். யன்னல்கள் குளிருக்காக இறுக்கிப் பூட்டியிருந்தும், எங்கோ பெரிய வெட்டவெளியில் காற்று தன்பாட்டில் நடந்து போவதைப் போல ஒரு நீண்ட உஸ் என்ற ஓசை, ரிவிச் சத்தத்துக்கும் அண்ணனின் சிரிப்புக்கும் அடியில், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது செய்தி வந்தது.

'நாலு பேர் வரலாம். எழுதாத ஆளை எங்களிடம் விடுவது இங்கே வழக்கம். யார் என்று பெயரை மட்டும் எழுதுங்கள்.'

கீழே ஒரு வெற்றுப் பெட்டி. அதற்குள் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்தது.

லப்ரொப்பை மூடியிருக்கலாம். கை அதற்காகத்தான் உயர்ந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டிக்குள் போகவேண்டிய பெயர் எது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாள்.

குசினியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. புதியவர்களோடு கதைக்கும்போது மட்டும் வருகிற தேன் குரல்.

"ஓம் ஓம், யூலையிலதான். நாங்கள் நாலு பேரும் போறம். பிள்ளையளோ? எனக்கு ஒரு மகன். விட்பியில வீடு வாங்கியிருக்கிறார்."

அம்மாவுக்கும் மேசைக்கும் நடுவில் எட்டடி தூரம். மகள் கேட்பாள் என்று தெரியும். கேட்டால் என்ன என்றுதான் அந்தக் குரல் கொஞ்சமும் தாழவில்லை.

றெபேக்காவின் காது இரண்டும் அடைத்தன. தட்டிய எழுத்தை அழித்தாள். விரல்கள் நடுங்கவில்லை, அதுதான் பிறகு அவளைப் பயமுறுத்தியது. நிதானமாக, எழுத்துப்பிழை இல்லாமல், பேர்ணடெற் என்று எழுதினாள்.

அனுப்பினாள்.

டக், டக்.

டக்.

அதற்குப் பிறகு தட்டவில்லை.

றெபேக்கா காத்திருந்தாள். அகப்பைச் சத்தம் வரவில்லை. கூழ் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது பொங்கி அடுப்பில் விழுந்து கருகும் சத்தம்.

"பிள்ளை," என்று ரிவிக்கு முன்னால் இருந்து அப்பா கூப்பிட்டார். "கூழ் அடிப்பிடிக்குது. என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்?"

அவள் எழுந்து போனாள். குசினி வெறுமையாக இருந்தது. பானைக்குள் அகப்பை இல்லை. அம்மா நின்ற இடத்தில் நிலம் காய்ந்திருந்தது. மெல்லிய மண்பொடி. அதில் வைக்கோல் துரும்புகள்.

"அம்மா எங்க?"

கிளிபோட் போனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆற்ற அம்மா?"

"எங்கட அம்மா. அண்ணா, விளையாடாதை."

அவன் நிமிர்ந்தான். விளையாடுகிற முகம் இல்லை. வேரோனிக்கா எழுந்து வந்து றெபேக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இதுவரை அவள் அப்படித் தொட்டதே இல்லை. "காய்ச்சல் மாதிரிக் கிடக்கு. நீங்கள் இருங்கோ, நான் கூழை இறக்கிறன்."

பிறிட்ஜின் மேல் போன் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தது. "ஹலோ? ஹலோ? இருக்கிறியளோ?" அப்பா போய் அதை எடுத்தார். தொடக்கத்தில் இருந்து தானே கதைத்துக்கொண்டிருந்ததைப் போல, இயல்பாகக் காதில் வைத்தார்.

"ஓம், சொல்லுங்கோ. ஓமோம், நாலு பேரும்தான். நான், மகன், மருமகள், மகள்." சிரித்தார். "மகள் இல்லாட்டி இந்த வீடு நடக்காது. எல்லாம் அவதான் பார்க்கிறா."

ஒரு கணம்.

ஒரே ஒரு கணம், றெபேக்காவின் நெஞ்சுக்குள் இனித்தது. பத்தொன்பது வருடமாகக் கேட்கக் காத்திருந்த எண்ணிக்கை. அதில் அவள் இருந்தாள். முகம் தானாக மலர்வதை அவள் உணர்ந்தாள். அதை நிறுத்த முடியவில்லை. அப்போதுதான், தான் எழுதி அனுப்பிய பெயர் நினைவுக்கு வந்தது.

ஓடினாள். லப்ரொப். 'ஐந்து. நாங்கள் ஐந்து பேர்.' அனுப்பினாள். 'பிழையாக எழுதிவிட்டேன்.' அனுப்பினாள். 'அவவைத் திருப்பி அனுப்புங்கோ.'

'நாலு பேருக்கான வீடு. கட்டில் விரித்தாயிற்று.'

பெட்டி போய்விட்டது. அழிப்பதற்கு ஒன்றும் இல்லை. எண்ணிக்கையை மாற்றுவதற்கு இடம் இல்லை. கோபம் மட்டும் இன்னும் ஆறாமல் உள்ளே எரிந்தது. கொட்டுவதற்குத்தான் இப்போது ஆள் இல்லை.

படங்களின் கடைசியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

வயல். கொளுத்துகிற வெயில். இடுப்பளவு கோதுமைக்குள் வீட்டுச் சட்டையோடு அம்மா. வாய் திறந்திருந்தது. யாரையோ கூப்பிடுகிற வாய். யாரை என்று வாயின் வடிவத்தில் தெரிந்தது. றெபேக்காவின் பெயர்.

அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். அம்மா கொஞ்சம் தள்ளி நின்றாள். கோதுமை நெஞ்சளவு.

மறுபடியும். கழுத்தளவு.

"பிள்ளை, வாவன்," அப்பா கூப்பிட்டார். "உனக்கு முதல் வார்த்து வைச்சிருக்கு."

தட்டக்கூடாது. தட்டினால் இன்னும் தூரம் போவாள். தட்டாவிட்டால் அங்கேயே நிற்பாள், அந்த வெயிலில், அந்த வாயோடு.

விரல் தட்டிவிட்டது.

வானம். கோதுமை. ஆள் இல்லை. அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தூரத்தில், கதிர்களுக்கு மேலே, ஒரு கை மட்டும் நேராக நிமிர்ந்து நின்றது. ஐந்து விரல்களும் அகல விரிந்திருந்தன. முழங்கைவரை வடிந்த கூழில் இருந்து இன்னும் ஆவி பறந்தது.